டீச்சர் என்று ஊர் வைத்த பெயர்

செப்டம்பர் 5 அன்று எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கொண்டாட்டம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். யாருடைய பிறந்தநாளை 1962 முதல் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறதோ, அந்தச் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது திருத்தணியில். பொதட்டூர்பேட்டையிலிருந்து பெரிய கடைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ மலைக்கோயிலுக்கோ போவதென்றால் நாங்கள் பேருந்து ஏறுவதும் அங்கேதான். ‘நம்ம ஊர்க்காரர்’ என்ற உரிமையோடு தலைமையாசிரியர் பேசுவார். நாங்கள் பேனாவும் ரோஜாப்பூவும் வாங்கி வைத்திருந்து வகுப்பாசிரியர்களுக்குக் கொடுப்போம். நான் முதன்முதலாக ‘அ’ எழுதியது அந்தப் பள்ளியில் இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஓடு வேய்ந்த ஓர் ஒற்றை அறையில், சிமென்ட் தரையில், சாக்பீஸால் எழுதினேன். என் விரலைப் பிடித்து எழுதவைத்தவருக்கு ஒரு செப்டம்பர் 5ஆம் தேதியும் நான் பூக் கொடுத்ததில்லை. தோன்றவே இல்லை. அவர் பால்வாடி டீச்சர். ‘டீச்சர்’ என்பது ஊர் கொடுத்த பெயர். அரசு ஆவணத்தில் அவர் அன்றும் ஆசிரியர் இல்லை, அவர் இடத்தில் இன்று இருப்பவரும் ஆசிரியர் இல்லை.

இந்தப் பெயர் விவகாரத்தைச் சின்ன விஷயமாகத்தான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பெண்கள் வேலையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தையும் எண்ணையும் கதையையும் அறிமுகம் செய்யும் வேலை யார் கைக்கு, எப்படி, எந்தக் கூலிக்கு வந்து சேர்ந்தது என்பது ஒரு நூறாண்டுக் கதை என்று தெரிந்தது. அந்தக் கதையில் நம் மாநிலத்தின் பங்கு சிறிதல்ல.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். எங்கள் ஊரில் பலர், என் அம்மா உட்பட, ‘பால்வாடி’ என்பதில் உள்ள ‘பால்’ குடிக்கிற பால் என்றே நம்பினார்கள். பால் ஊற்றும் இடம், அதனால் பால்வாடி. உண்மையில் அது ‘பால’ என்ற குழந்தையைக் குறிக்கும் சொல். வாடி என்றால் தோட்டம், வளாகம். ‘அங்கன்வாடி’யில் உள்ள ‘அங்கன்’ முற்றம். தமிழிலும் ‘அங்கணம்’ உண்டு. வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தில் அந்தச் சொல்லை ஆள்கிறார், ஆனால் அங்கே அது அழுக்கு நீர் ஓடும் முற்றம். இரண்டு சொற்களுமே மேற்கிந்தியாவிலிருந்து வந்தவை. அவற்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தாராபாய் மோடக் என்ற பெண். அவரிடம் வருமுன், அவருக்கு முந்தைய நிலையைப் பார்த்துவிட வேண்டும்.

எழுத்தறிவின் வரலாறு என்றால் திண்ணைப் பள்ளிகளைத்தான் நாம் நினைத்துக்கொள்வோம். மணலில் விரலால் எழுதுதல், ஓலை, எழுத்தாணி, சட்டாம்பிள்ளை, பிரம்பு. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டு வாங்கிய கணக்கு பிரசித்தம். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. நம் நாட்டில் வெள்ளையருக்கு முன்பே கல்வி செழித்திருந்தது என்பதற்கு இந்தக் கணக்கைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அதே கணக்கில் பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: ஏறக்குறைய 4,500. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர்களிலும் ஒரு பகுதியினர் கோயில் சார்ந்த நடனப் பெண்களின் குலத்தவர். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அதிலிருந்து வெகுநாள் நீடித்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த குழந்தையும் ஆண், கற்பித்தவரும் ஆண். அந்தக் குழந்தை திண்ணைக்கு வருமுன் அவனுக்குப் பேச்சையும் உறவுமுறையையும் நிலாவைக் கூப்பிடும் பாட்டையும் விடுகதையையும் விரல்விட்டு எண்ணுவதையும் கொடுத்தது அடுப்படி. அதற்குக் கணக்கில் இடமில்லை.

பெண்கள் கற்பிக்க வந்தது எப்படி? பெண் குழந்தைகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்ப வீடுகள் மறுத்தன. ஆகவே பெண் ஆசிரியர் வேண்டும். மணமான பெண் வேலைக்கு வரமாட்டாள். மிஷன் பள்ளிகளில் கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள், அங்கே அனுப்பச் சாதி இந்துக்கள் பலருக்கு மனமில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாக்கப்பட்டவர். 1911இல் பட்டம் பெற்றார். மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர்தான் என்பார்கள். 1912இல் தம்மைப் போன்ற சிறுமிகள் சிலரோடு சென்னையில் ஒரு இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. மொட்டையடிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்த பெண்களை ஆசிரியர்களாக்கி மாகாணமெங்கும் அனுப்பினார். 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது.

இதை நான் வியப்போடுதான் படித்தேன். கூடவே ஒரு நெருடலும் உண்டு. அந்த இல்லம் பார்ப்பனக் கைம்பெண்களுக்கானது. அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நேர்மையாகாது. ஆனால் அதைவிட நீண்ட நிழல் விழுந்த விஷயம் வேறொன்று. ‘ஆசிரியை வேலை கணவன் இல்லாத பெண்ணுக்கு ஒரு புகலிடம்’ என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. அன்று அது விடுதலை. வெள்ளைச் சேலைக்கு வெளியே ஒரு வாழ்க்கை. அதே எண்ணம் எழுபது ஆண்டு கழித்து அரசாணைக்குள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

இதற்கிடையில் சென்னைக்கு ஓர் இத்தாலியப் பெண்மணி வந்தார். மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில், ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி இருவரின் ஏற்பாட்டில், சில மாதங்கள் பயிற்சி வகுப்பு நடத்தவென்று வந்தார். போர் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரிநாட்டுக் குடிமகள் ஆனார். மகன் மாரியோவைச் சிறை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி வைஸ்ராய் மகனை விடுவித்தார். அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்துவிட்டார். குழந்தையின் கை எதைத் தொடுகிறதோ அதன் வழியாக அறிவு வருகிறது, அதட்டியும் மனப்பாடம் செய்யவைத்தும் அல்ல என்ற அவர் கொள்கையை நூற்றுக்கணக்கானவர்கள் இங்கே நேரில் கற்றார்கள். அதன் பலன் முதலில் யாருக்குப் போனது என்பது சென்னைத் தெருக்களில் இன்றும் தெரிகிறது. ‘மாண்டிசோரி’ என்று பலகை மாட்டிய இடத்தின் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907இல் பிறந்த ஒரு முறை அது.

அதை ஏழையின் வீட்டு வாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்தான் தாராபாய் மோடக். 1892இல் பிறந்தவர், பட்டதாரி, மணமுறிவு பெற்றவர், மகளைத் தனியே வளர்த்தவர். அந்தக் காலத்தில் இதில் ஒவ்வொன்றுமே ஒரு குற்றம். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் தொடங்கியிருந்த பாலமந்திரில் அவரோடு சேர்ந்து உழைத்தார். கிஜுபாய் குழந்தைகளோடு பாடி ஆடிக் கதை சொன்ன ஆண் என்பதால் அவருக்கு ‘மீசை வைத்த அம்மா’ என்றே பெயர் வந்தது. ஆண் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது பட்டப்பெயராகி வரலாற்றில் நிற்கிறது என்று அடிக்கோடிட்டுக்கொள்வோம். 1926இல் இருவரும் நூதன் பால சிக்ஷண் சங்கத்தை அமைத்தார்கள். 1945இல் தாராபாய் நகரத்தை விட்டு மகாராஷ்டிரக் கடலோரமுள்ள போர்டி கிராமத்துக்குப் போனார். உடன் சென்றவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணம் செய்விக்கப்பட்டு ஆறே மாதத்தில் கணவனை இழந்தவர். மறுபடியும் ஒரு குழந்தைக் கைம்பெண்.

போர்டியில் பால்வாடி திறந்தார்கள். எதிர்பார்த்த குழந்தைகள் வரவில்லை. சேரியிலிருந்தும் பழங்குடிக் குடிசைகளிலிருந்தும் வர அவர்களுக்குப் பயம், வழியில் சாதி, வீட்டில் வேலை. சரி, பள்ளிக்குக் குழந்தை வராவிட்டால் குழந்தையிருக்கும் இடத்துக்குப் பள்ளி போகட்டும் என்று அவர்கள் வீட்டு முற்றத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். முற்றத்துப் பள்ளி, அங்கன்வாடி. மாண்டிசோரியின் விலையுயர்ந்த மரப் பொருள்களுக்குப் பதில் விதை, கிளிஞ்சல், இலை, கூழாங்கல். எழுத்துக்கு முன்னால் குளிப்பாட்டல், தலை வாருதல், பாட்டு. 1957இல் கோஸ்பாட் மலைக்குப் போய் வார்லி பழங்குடிக் குழந்தைகளிடையே இதையே தொடர்ந்தார்கள். இப்போது எந்த ஊர் அங்கன்வாடியிலும் சுவரில் தொங்கும் அட்டைப் படமும் தரையில் பரப்பிய புளியங்கொட்டையும் அந்த முற்றத்தின் வாரிசுகள்.

எங்கள் ஊரின் முற்றத்துக்கு வருகிறேன். பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். விசைத்தறியின் சத்தம் கேட்காத தெரு இங்கே குறைவு. அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்கள் வெளியூர் போனால் தூக்கம் வரவில்லை என்பார்கள். ஆண் தறியில் நிற்பான், அது ‘வேலை’. பெண் தார் சுற்றுவாள், இழை எடுப்பாள், கூடவே சமைப்பாள், தண்ணீர் பிடிப்பாள். அது ‘ஒத்தாசை’. நெசவாளி என்றால் யாரென்று கேட்டால் எல்லாரும் ஆணைத்தான் காட்டுவார்கள். தறி உள்ள வீட்டில் தவழும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது சாதாரணப் பாடில்லை. ஓடும் நாடா, சுழலும் பட்டை, மின்கம்பி, பஞ்சுத் தூசு. ஆகவே தூளி கட்டுவார்கள். தூளி தாண்டும் வயது வந்ததும் அக்காளிடம் ஒப்படைப்பார்கள். அந்த அக்காளுக்கு ஏழு வயதிருக்கும், எட்டு வயதிருக்கும். என் பெரியம்மா அப்படி மூன்று தம்பிகளை இடுப்பில் தூக்கியவர். இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் இல்லை. அவர் தூக்கி வளர்த்த கடைசித் தம்பி பள்ளி ஆசிரியர் ஆனார்.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தபோது லட்சக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்கு வந்தார்கள் என்பது வரலாறு. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தட்டு ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதற்குக் கீழே உள்ள குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. கேள்விக்குப் பதிலாக அக்காள் இருந்தாள். இதை மேடையில் பேசுபவர்கள் குறைவு.

பெண்கள் பேசினார்கள். 1945இல் அமைந்த கஸ்தூரிபா அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பணிக்குப் பொறுப்பேற்ற மருத்துவர் சௌந்திரம் கிராமத்துப் பெண்களைச் சேவிகைகளாகப் பயிற்றுவித்தார். 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். அதுவும் நெசவாளர் ஊர்தான் என்பதைக் கவனியுங்கள். சௌந்திரமும் இளவயதில் கணவனை இழந்து, அதன் பின் டெல்லி போய் மருத்துவம் படித்து, பிறகு தாம் விரும்பியவரை மணந்தவர். எட்டு வயதில் மணமுடிக்கப்பட்டு அதை உதறி வெளியே வந்த துர்காபாய் தேஷ்முக், சென்னையில் ஆந்திர மகிள சபாவை வளர்த்தவர், 1953இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். அந்த வாரியத்தின் உதவியோடு கிராமங்களில் பால்வாடிகள் முளைத்தன. மாதர் சங்கம், தையல் வகுப்பு, பால்வாடி என மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கோயில் மண்டபம், பஞ்சாயத்துக் கட்டடம், யாராவது கொடுத்த திண்ணை, எதுவானாலும் சரி. அந்தச் சேவிகைகளுக்குக் கொடுக்கப்பட்டது சொற்பம். ‘சேவை’ என்ற சொல் அங்கேதான் தன் வேலையைக் காட்டியது. ஆண் செய்தால் உத்தியோகம், பெண் செய்தால் சேவை.

அந்த ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்தில் வேறொரு சிக்கல் கொதித்துக்கொண்டிருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாங்களும் போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959இன் எல்லை மாற்றச் சட்டம் என்று போய், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சுற்றுவட்டாரமும் சென்னை மாநிலத்துக்கு, செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் திரும்பின. 1997இல் திருவள்ளூர் மாவட்டமானோம். எல்லை வரைபடத்தில் ஒரே நாளில் மாறிவிடலாம். அடுப்படி மொழி அப்படி மாறாது. இன்றும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, மூன்றாம் வீட்டில் இரண்டும் கலந்து. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்ரபாணியும் ஒரே பத்திரிகையைத் தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் கொண்டுவந்தார்களே, அதற்கு எங்களைப் போன்ற ஊர்களே ஏற்ற வாசகர்கள்: ஒரே படம், ஒரே வேதாளம், அக்காள் ஒரு லிபியில் படிப்பாள், பக்கத்து வீட்டுப் பெண் இன்னொன்றில்.

இது ஏன் முக்கியம் என்றால், மூன்று வயதில் அங்கன்வாடிக்கு வரும் தெலுங்கு வீட்டுக் குழந்தை அங்கேதான் முதலில் தமிழ் எழுத்தைப் பார்க்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம். சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. இந்தக் குழந்தையை வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற பாலத்தைக் கட்டுவது யார் என்று மட்டும் கேட்கிறேன். அங்கன்வாடிப் பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியின் புண்ணியத்தில் எங்கள் டீச்சருக்கு இரண்டு மொழியும் வரும். கோழிப் படத்தைக் காட்டுவார். ஒரு குழந்தை ‘கோடி’ என்னும், இன்னொன்று ‘கோழி’ என்னும். இரண்டும் சரிதான் என்பார். ‘செவி’ இரண்டு பேருக்கும் செவிதான் என்று காதைத் தொட்டுக் காட்டுவார். மூக்குக்குத் தெலுங்கில் ‘முக்கு’ என்றால் குறிலும் நெடிலும் விளங்கிவிடும். ‘செப்பு’ என்றால் ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லத் தொடங்கும், இன்னொரு பிள்ளை சமையல் விளையாட்டுச் சாமானைத் தேடும். எல்லாரும் சிரிப்போம். மொழியியல் படித்தவர்கள் பின்னாளில் எனக்கு விளக்கிய பலவற்றை அவர் அப்போதே செய்துகாட்டியிருந்தார். இருமொழிக் குழந்தைக்கு எழுத்தறிவூட்டுவது தனித் திறன். அதற்கென்று ஒரு பைசா படியில்லை, பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரு பக்கமும் இல்லை.

திட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969இல் டெல்லிக் கட்டட வேலைத்தளத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பகத்தில் உழைத்த மீனா சுவாமிநாதன், பள்ளிமுன் பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்த குழுவுக்குத் தலைமையேற்று 1972இல் அறிக்கை தந்தார். பின்னாளில் சென்னையிலிருந்து பணியாற்றி 2022இல் மறைந்த அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது ஒன்று: குழந்தைப் பராமரிப்பு என்பது குழந்தையின் தேவை மட்டுமல்ல, கூலிக்குப் போகும் தாயின் தேவை, இடுப்பில் தம்பியைச் சுமக்கும் அக்காளின் தேவையும்கூட. மூன்று பேரையும் சேர்த்துப் பார்க்காத திட்டம் மூன்று பேரையும் கைவிடும். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு சேவைகள். சத்துணவும் தடுப்பூசியும் மருத்துவச் சோதனையும் மேலே, முன்பருவக் கல்வி கீழே. ஒரே பெண் ஆறையும் செய்ய வேண்டும். அவருக்கு மாதம் 100 முதல் 150 ரூபாய், உதவியாளருக்கு 35. அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. மதிப்பூதியம்.

தமிழ்நாட்டில் பெரிய திருப்பம் 1982 ஜூலை 1. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தொடங்கியது. ஊர்தோறும் குழந்தைகள் மையங்கள் வந்தன. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, தங்கள் பெயரில் மாத வருமானம் வந்தது. கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. நான் அமர்ந்த ஒற்றை அறை இந்தத் திட்டத்தின் குழந்தை. என் டீச்சருக்கும் கணவர் இல்லை. பத்தாவது படித்த, இருபத்தெட்டு வயதுப் பெண். அந்த வேலை இல்லையென்றால் தார் சுற்றும் ராட்டைதான். நெற்றியில் பொட்டில்லாமல் விசேஷ வீட்டில் ஒதுங்கி நிற்க வைக்கப்பட்டவரைத் தெருக் குழந்தைகள் முப்பது பேர் காலையில் சூழ்ந்துகொண்டு ‘டீச்சர்’ என்று கத்துவதை என்னவென்று சொல்வது. எந்தச் சீர்திருத்தக் கூட்டமும் எங்கள் தெருவில் அதைச் செய்திருக்காது.

ஆனால் 1912இன் நிழல் இங்கேதான் விழுந்தது. துணையற்ற பெண்ணுக்குக் கொடுத்தது உதவி என்று அரசு கணக்கெழுதியது. உதவி பெறுபவர் கூலி உயர்வு கேட்கலாமா? குழந்தைக்குச் சொல்லித்தருவது திறமை என்றால் அதற்கு விலை உண்டு. ‘தாய்மை உள்ளம்’ என்றால் விலை பேச முடியாது. பாவம், பிழைத்துப்போகட்டும் என்ற இரக்கம் அவர்களை உள்ளே கொண்டுவந்தது. அதே இரக்கம் கதவையும் சாத்தியது. முழுநேர வேலைக்குப் பகுதிநேரப் பெயர், ஆசிரியர் வேலைக்குப் பணியாளர் பெயர். சங்கம் வைத்து, ரோட்டில் உட்கார்ந்து, கைதாகி, மண்டபத்தில் அடைபட்டு, ஒவ்வொரு படியாகத்தான் தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பெண்கள் காலமுறை ஊதியம் போன்றவற்றை வென்றார்கள். பல மாநிலங்களில் அதுவும் இல்லை. 2018இல் ஒன்றிய அரசு பணியாளரின் மதிப்பூதியத்தை 3,000இலிருந்து 4,500 ஆக்கியதே பெரிய செய்தியாக வந்தது.

நீதிமன்றமும் நெடுங்காலம் இந்தக் கணக்கையே படித்தது. கர்நாடக வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்றது.

நம் ஊருக்கு 2019 ஜனவரியில் ஒரு சோதனை வந்தது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் மழலையர் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத பெற்றோர் மகிழ்ந்தார்கள். பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அரசு அனுப்பியது. எதிர்ப்பு எழுந்தது. அங்கன்வாடிக்கு அனுப்புவது தகுதிக் குறைப்பு என்றார்கள், போராட்டக் கோரிக்கைகளில் அதுவும் ஒன்றாக இருந்தது. அவர்கள் பணிப் பாதுகாப்புக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ‘தகுதிக் குறைப்பு’ என்ற சொல்லைக் கேட்ட அங்கன்வாடிப் பெண் என்ன நினைத்திருப்பார்? அதே அறையில், அதே குழந்தைகளோடு, அவர் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை அது. இரண்டு பக்கமும் பெண்களே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022இல் வகுப்புகளை நிறுத்துவதாக ஒரு செய்தி, எதிர்ப்பு, பின் தொடரும் என்ற அறிவிப்பு. கொரோனாவில் பத்தொன்பது மாதம் தொடக்கப் பள்ளிகள் மூடியிருந்தபின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலும் இதே கோலம்தான். மாலையில் தெருவிலும் திண்ணையிலும் மாடியிலும் குழந்தைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்ன தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 2022 ஜூனில் எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் தொடங்கிவைத்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது மூன்றாம் வகுப்பு வரைக்குமானதாக இருந்தது. அது முதல் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் குழந்தையை அதுவரை கொண்டுவந்து விட்டவர் அங்கன்வாடிப் பெண்.

அதே 2022இல், ஏப்ரல் 25 அன்று, குஜராத்தின் தாகோட் மாவட்டத்து அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா. கல்வி உரிமைச் சட்டத்தையும் 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சுட்டி, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அங்கே நடப்பது முற்றிலும் கல்விப் பணி என்றும், கற்பிக்கும் வேலையைச் செய்பவர்கள் இந்தப் பணியாளர்களும் உதவியாளர்களும்தான் என்றும் தீர்ப்பு சொல்கிறது. உதவியாளர்களையும் சேர்த்து. பொதட்டூர்பேட்டைக் குழந்தைகள் நாற்பது ஆண்டுகளாக ஒரே சொல்லில் கூப்பிட்டு வந்ததற்கு நீதிமன்றம் இத்தனை பக்கம் எடுத்துக்கொண்டது.

போன ஆண்டு ஊருக்குப் போனபோது அந்த மையத்துக்குப் போனேன். ஓட்டு வீடு இல்லை, கான்கிரீட் கட்டடம், சுவர் முழுக்கப் படங்கள். என் டீச்சர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது. இப்போதிருப்பவர் பட்டதாரி. கையில் செல்பேசி. ஒவ்வொரு குழந்தையின் எடை, உயரம், வருகை, உணவு எல்லாவற்றையும் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் வரவில்லை என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். உள்ளே ஆயாம்மா சோற்றுப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒரு சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, வால உட்டுட்டியே, பாரு” என்றார்.

அந்தக் குழந்தை எழுதியிருந்த ‘அ’வின் கடைசிக் கோட்டை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். குழந்தை நிமிர்ந்து “டீச்சர், டீச்சர், அடுத்தது” என்றது. ஆயாம்மா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை எடுத்தார்.